காரங்காட்டுக் கறுப்பு மண்

தங்கச்சிமடம்
18-6-65

மச்சானுக்கு மலிகாவின் ஸலாம்.

இலை மஞ்சளாகிவிட்டது. சுற்றி வளைத்து எழுதத் தெம்பில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

உங்கள் ஆய்வுக்கூடத்து மண்சோதனைச் சீட்டு வந்த அன்று வாசலில் நின்று சத்தமாக வாசித்தவள் நான்தான். அக்கரையில் காரங்காட்டில் யாரோ கிணறு வெட்டி வெளியே கொட்டி, பல வருஷம் மழையில் நனைந்து கிடந்த அந்தக் கறுப்பு மண்ணில் உப்பில்லை, தழைச்சத்து ஏராளம், உரம் தேவையில்லை என்று இருந்தது. கீழே உங்கள் அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும். போன டிசம்பர் புயலில் கடல் ஏறி நின்ற நம் தோட்டத்து மண் இன்னும் நாக்கில் வைத்தால் கரிக்கிறது. அதனால்தான் மதார் மாமாவின் வத்தைப் படகில் அந்த மண்ணை ஏற்றி வரச் சொன்னேன். பனையோலைக் கொட்டான்களில் நிரப்பி மல்லிகைக் குச்சிகளை ஊன்றினேன். கையில் அள்ளினால் பஞ்சுபோல இருந்தது. பார்க்கவே ஆசையாக இருந்தது.

குச்சி வேர்விட்டது, துளிர்த்தது. இப்போது அடியிலையிலிருந்து மஞ்சள் ஏறுகிறது. தொட்டால் உதிர்கிறது.

எங்கள் செடியோடு போனால் பரவாயில்லை. பக்கத்துத் தோட்டத்துக் கருத்தம்மாள் நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு, "ஒம் புருசன் சர்க்காரு ஆளு, பொய்யா எழுதப் போறாரு?" என்று அதே மண்ணில் தன் குச்சிகளையும் ஊன்றினாள். புயலுக்குப் பிறகு அவளிடம் மிஞ்சியிருந்த தாய்ச்செடி கொஞ்சம்தான். அதை வெட்டித்தான் குச்சி எடுத்தாள். இப்போது தினமும் காலையில் நம் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறாள். என் கொட்டான்களைப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

அத்தா தோட்டத்துக்குள் கால் வைத்து ஆறு மாதம் ஆகப்போகிறது. இருளாண்டி என்று ஒரு மீன் வியாபாரி, கருவாடு காயப்போட இடம் வேண்டுமாம். அத்தாவிடம் தோட்டத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மழைக்கு முன்னால் பதில் சொல்வதாக அத்தா சொல்லியிருக்கிறார். இந்தக் குச்சிகள் பிழைத்தால் அத்தாவிடம் காட்டலாம் என்றிருந்தேன்.

சீட்டில் எங்கேயோ தப்பு இருக்கிறது. பார்த்து எழுதுங்கள்.

மலிகா


கோயம்புத்தூர்
27-6-65

அன்புள்ள மலிகாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

சீட்டில் தப்பில்லை. உன் கடிதம் வந்த அன்றே மிச்சமிருந்த மண்ணை எடுத்து நானே மறுபடி சோதித்தேன். அதே விடைதான். சாதாரணத் தோட்ட மண்ணில் இருப்பதைப்போல் பத்து மடங்குக்கு மேல் தழைச்சத்து இருக்கிறது. வெளிநாட்டில் இதற்குப் பீட் என்று பெயர். பூஞ்செடி வளர்க்கத் தனியாக விலைகொடுத்து வாங்குகிறார்கள். இவ்வளவு சத்தில் நிற்கிற செடி பசியால் மஞ்சளாக முடியாது.

தண்ணீர் அதிகமாகியிருக்கும். அல்லது உங்கள் கிணறு உப்பேறியிருக்கும். தண்ணீரைக் குறைத்துப் பார். ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரையும், ஒரு கொட்டானில் உள்ள மண் முழுவதையும் பார்சலில் அனுப்பு.

இரண்டு வாரம் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லித்தான் ஜனவரியில் என்னோடு வந்தாய். நான் மட்டும் திரும்பினேன். இப்போது மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். எதிர்வீட்டு அம்மா பார்க்கும்போதெல்லாம் உனக்கு உடம்புக்கு என்ன என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது என்று நீயே எழுது.

உன் அத்தாவிடம் அன்று நான் சொன்னதை நீ மனதில் வைத்திருக்கிறாய் என்று தெரியும். அளந்து பார்த்துத்தான் சொன்னேன். உப்பு அந்த அளவில் இருந்தது. இல்லாத நம்பிக்கையை ஒரு வயதான மனிதருக்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அகமது கபீர்


தங்கச்சிமடம்
9-7-65

மச்சானுக்கு,

தண்ணீரைக் குறைத்தேன். மஞ்சள் அப்படியே இருக்க, இலை நுனியும் கருகியது. மறுபடி பழையபடி ஊற்றுகிறேன். தண்ணீரும் மண்ணும் பார்சலில் வருகின்றன. பாட்டிலுக்கு வைக்கோல் சுற்றியிருக்கிறேன், உடையாமல் வந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

மண்ணை அனுப்பப் பிடுங்கிய குச்சியில் வேரைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, நூல் நூலாக, கொட்டானின் அடிவரைக்கும் ஓடியிருக்கிறது. அழுகல் இல்லை. தண்ணீர் அதிகமானால் வேர் இப்படியா இருக்கும்? ஊரெல்லாம் தேடியும் சோறு கிடைக்காதவன் மாதிரி ஓடியிருக்கிறது அந்த வேர்.

அளந்து பார்த்துச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அளந்தது சரி. சொன்ன விதத்தை நான் எழுதுகிறேன், உங்களுக்கு மறந்திருக்கும். நோன்பு வைத்திருந்த மனிதர். அஸர் தொழுதுவிட்டு உங்களைத் தேடித் தோட்டத்துக்கு வந்தார். மருமகன் வந்திருக்கிறான், படித்தவன், ஏதாவது வழி சொல்வான் என்று. நீங்கள் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துக்காட்டி, "இது முடிஞ்சது மாமா, வித்துருங்க" என்றீர்கள். அந்த மண்ணைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டீர்கள். அத்தா கிணற்றடியில் போய்க் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் தோட்டத்துப் பக்கம் திரும்பவில்லை.

இல்லாத நம்பிக்கையைக் கொடுக்கச் சொல்லவில்லை. ஒரு மழைக்காலம் பொறுத்துப் பார்க்கலாம் என்றாவது சொல்லியிருக்கலாம்.

எதிர்வீட்டு அம்மாவிடம் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் என்று சொல்லுங்கள்.

மலிகா


கோயம்புத்தூர்
22-7-65

அன்புள்ள மலிகாவுக்கு,

பாட்டில் உடையவில்லை. தண்ணீர் நல்ல தண்ணீர்தான். அதில் குற்றமில்லை என்று ஒத்துக்கொள்கிறேன்.

மண் பொட்டலம் நசுங்கி வந்தது. வழக்கப்படி காயவைத்து, பொடித்து, சலித்துச் சோதித்தேன். முன்பு வந்த விடையேதான் வருகிறது. காயவைத்தபோது தட்டில் மண் இருந்ததா என்றே சந்தேகம் வரும் அளவுக்குச் சுருங்கிவிட்டது, அதைத் தவிர விசேஷமாக ஒன்றுமில்லை.

அதிகாரியிடம் சொன்னேன். செடி மஞ்சளாகிறது, சீட்டில் ஏராளம் என்று இருக்கிறது, முறையைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்க அனுமதி வேண்டும் என்று கேட்டேன். அவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். எண் சரியாக இருக்கிறது அல்லவா, அப்படியானால் நம் வேலை முடிந்தது என்றார். மனைவியின் பூந்தோட்டத்துக்காக அரசாங்கத்து ரசாயனத்தைச் செலவழிக்க வேண்டாம் என்றும் சொன்னார். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்வது?

மலிகா, நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள். தோட்டத்தில் உப்பு, வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணும் கைகொடுக்கவில்லை. காரணம் தெரியாத ஒன்றோடு எத்தனை நாள் மல்லுக்கட்டுவாய்? மாமாவையும் அழைத்துக்கொண்டு இங்கே வந்துவிடு. இந்த வீட்டில் மூன்று பேருக்கு இடமிருக்கிறது.

கபீர்


தங்கச்சிமடம்
3-8-65

மச்சானுக்கு,

கருத்தம்மாள் தன் கொட்டான்களை எல்லாம் தூக்கி வந்து ரோட்டோரத்தில் கொட்டிவிட்டாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். இன்னும் கொஞ்சம் பொறு, கோயம்புத்தூரில் மறுபடி பார்க்கிறார்கள் என்றேன்.

"ஒன்னயச் சொல்லி என்ன செய்ய. படிச்சவுக எழுதுனா சரியாத்தான் இருக்கும். எங் கைக்கு ராசியில்ல போல" என்றாள்.

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குச்சியை மண்ணில் போட்டு வேர்விடவைப்பதில் இந்த ஊரில் அவள் கைக்கு மிஞ்சிய கை கிடையாது. அவள் நின்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், மச்சான். உங்கள் முத்திரை அப்படிச் செய்திருக்கிறது.

அங்கே இடமிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தாவிடம் நான் அதை வாசித்துக் காட்டவில்லை. இனி சீட்டு எதுவும் அனுப்ப வேண்டாம். நானும் மண்ணைப் பற்றி எழுதப் போவதில்லை. வேறு எழுத எனக்கு ஒன்றுமில்லை.

மலிகா


கோயம்புத்தூர்
21-8-65

அன்புள்ள மலிகாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

உன் கடிதம் வந்த பிறகு எனக்கு அந்தக் காயவைத்த தட்டு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. ஒரு கொட்டான் நிறைய இருந்த மண், காய்ந்ததும் ஒரு கைப்பிடி. மிச்சமெல்லாம் தண்ணீரும் காற்றும். ஆபீஸ் முடிந்து எல்லோரும் போனபிறகு நான் செய்தது இதுதான். உன் பொட்டலத்தில் ஓரமாக ஈரத்தோடு கொஞ்சம் மண் எடுத்து வைத்திருந்தேன். அதைக் காயவைக்கவில்லை, நிறுக்கவுமில்லை. ஒரு டப்பாவில் உன் கொட்டானில் இருந்தது போலவே அமுக்கி நிரப்பி அளந்தேன். வெறும் தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி, அந்தத் தண்ணீரில் என்ன வந்திருக்கிறது என்று பார்த்தேன்.

அநேகமாக ஒன்றுமே வரவில்லை.

எங்கள் சீட்டில் உள்ளது எடைக்கணக்கு. காய்ந்த மண் இவ்வளவு எடைக்கு இவ்வளவு சத்து என்று எழுதுவோம். தோட்ட மண்ணுக்கு அது பொருந்தும். ஒரு படி அரிசியையும் ஒரு படி பொரியையும் நினைத்துப் பார். எடைக்கு எடை போட்டால் இரண்டும் ஒன்றுதான். படியால் அளந்து கொடுத்தால் பொரி வாங்கியவன் பட்டினி. உன் செடிக்கு ஒரு கொட்டான் இடம்தான் இருக்கிறது. அந்தக் கொட்டானில் இருப்பது பொரி.

அது மட்டுமில்லை. இருக்கிற கொஞ்சமும் பழைய வேர்நாரோடு ஒட்டி இறுகிக் கிடக்கிறது. நாங்கள் மண்ணை அமிலத்தில் போட்டுக் கொதிக்கவைத்து, உள்ளே இருப்பதையெல்லாம் கறந்து கணக்கெழுதுகிறோம். மல்லிகை வேருக்கு அமிலம் ஏது, அடுப்பு ஏது? மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்றுதான் நான் பார்த்தேன். செடிக்கு எவ்வளவு கிடைக்கும் என்று பார்க்கவில்லை. எண் சரி. அதைக்கொண்டு "உரம் தேவையில்லை" என்று எழுதியது தப்பு. அதை எழுதியது அதிகாரி இல்லை, நான்தான். அவர் கையெழுத்து மட்டும் போட்டார்.

நம் அறை ஜன்னலில் சின்னச் சின்ன டப்பாக்களில் மிச்சமிருந்த அந்த மண்ணைப் போட்டுச் சோளம் விதைத்திருக்கிறேன். சிலவற்றுக்கு வெறும் தண்ணீர். சிலவற்றுக்கு அமோனியம் சல்பேட்டைக் கரைத்து மிகவும் நீர்க்க ஊற்றினேன். வெறும் தண்ணீர் குடித்தவை உன் குச்சிகள் மாதிரியே வெளுத்துவிட்டன. மற்றவை பச்சை.

அங்கே அமோனியா உரம் கிடைக்காவிட்டால் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துத் தெளிந்த தண்ணீரை எடுத்து, வாரம் ஒருமுறை கொஞ்சமாக ஊற்று. அதிகம் வேண்டாம், இந்த மண்ணில் தாங்கிப்பிடிக்கக் களிமண் இல்லை, வேர் வெந்துவிடும்.

கருத்தம்மாள் கையில் ஒரு குறையும் இல்லை. இதை அவரிடம் சொல்.

கபீர்


தங்கச்சிமடம்
6-9-65

மச்சானுக்கு,

கிழித்துப் போடவில்லை.

நம்பவும் இல்லை. ஒரு வரிசைக்கு மட்டும் புண்ணாக்குத் தண்ணீர் ஊற்றினேன். மற்றவற்றை அப்படியே விட்டேன், இதுவும் போனால் அந்த வரிசையோடு போகட்டும் என்று. இப்போது அந்த வரிசையில் புதுத்துளிர் பச்சையாக வந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் மற்றவற்றுக்கும் ஓடி ஓடி ஊற்றினேன். பாதிக்கு மேல் குச்சியாகவே காய்ந்துவிட்டன. ஆடிக் காற்றிலேயே போயிருக்க வேண்டும், நான்தான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

பொரிக் கணக்கைக் கருத்தம்மாளிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். பிறகு, "அப்ப மொதச் சீட்டுல முத்திர இருந்துச்சே, இதுல இருக்கா?" என்று கேட்டாள். வேலியோரம் நின்ற நாலு பேரும் அதையே கேட்டார்கள். காரங்காட்டு மண் விஷ மண் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. மதார் மாமாவின் வத்தையில் பாதிச் சுமை கிடக்கிறது, இறக்கவிட மாட்டேன் என்கிறார்கள்.

முத்திரையோடு திருத்திய சீட்டு ஒன்று வேண்டும். சீக்கிரம். இருளாண்டி நேற்றும் வந்து அத்தாவோடு பேசிவிட்டுப் போனார். நான் அத்தாவிடம் "வந்து பாருங்க, ஒரு வரிசை பச்சையா நிக்கிது" என்றேன். "அங்கன என்னத்தப் பாக்க? மருமவன் அன்னைக்கே பாத்துட்டாரே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உங்கள் வாக்கை உங்கள் வாக்காலேயே உடைக்க முடியவில்லை. பார்த்தீர்களா?

மலிகா


கோயம்புத்தூர்
20-9-65

அன்புள்ள மலிகாவுக்கு,

முத்திரை கிடைக்கவில்லை.

மூன்று முறை கேட்டுவிட்டேன். முதல் முறை, அங்கீகரிக்கப்பட்ட முறைப்படி செய்த சோதனையைத் திருத்த இடமில்லை என்றார் அதிகாரி. இரண்டாம் முறை ஜன்னலில் இருந்த சோள டப்பாக்களையே தூக்கிக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்தேன். தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். மூன்றாம் முறை, அனுமதியில்லாமல் ஆய்வுக்கூடத்துச் சாமான்களைப் பயன்படுத்தியதற்கு எழுத்தில் விளக்கம் கேட்டார். கொடுத்துவிட்டேன். அந்த விளக்கத்திலேயே சோதனை முழுவதையும் எழுதி, அதைக் கோப்பில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். சேர்த்தார்களா, குப்பையில் போட்டார்களா, தெரியாது.

விடுப்புக் கேட்டேன். எல்லையில் சண்டை நடக்கிறது, ரயிலெல்லாம் ராணுவத்துக்குப் போகிறது, இந்தச் சமயத்தில் மல்லிகைப் பூவுக்கு விடுப்பா என்றார்கள்.

இத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். சோதித்தது, கண்டது, ஊற்ற வேண்டிய அளவு எல்லாம் அதில் இருக்கிறது. முதலில் உரம் தேவையில்லை என்று எழுதியது என் தவறு என்றும் இருக்கிறது. முத்திரை இல்லை. என் பெயரும் கையெழுத்தும்தான். அது போதாது என்று எனக்கே தெரியும். என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

மாமாவுக்கு நானே தனியாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். நாலு தடவை எழுதிவிட்டேன். நோன்பு நாளில் மண்ணைக் கீழே போட்டுக் கையைத் தட்டிக்கொண்டதாக நீ எழுதியதைப் படித்தபிறகு, என்ன எழுதினாலும் மறுபடி சீட்டு மாதிரியே வருகிறது.

கபீர்


தங்கச்சிமடம்
30-10-65

மச்சானுக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. எழுதினால் திட்டித்தான் எழுதியிருப்பேன், யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை.

அத்தா வாக்குக் கொடுத்துவிட்டார். உங்கள் தாள் வருவதற்கு முந்தின வாரமே கொடுத்துவிட்டாராம். எனக்குச் சொல்லவில்லை. இருளாண்டியின் ஆட்கள் கயிறும் முளைக்கம்பும் கொண்டு எல்லை அளக்க வந்த அன்றுதான் தெரியும். எல்லையைக் காட்ட அத்தா உள்ளே வந்தார். ஜனவரிக்குப் பிறகு அன்றுதான் வந்தார். வடக்கு வேலிக்குப் போகிற வழியில் பிழைத்த கொட்டான்களை எல்லாம் நான் அடுக்கி வைத்திருந்தேன். நின்றுவிட்டார். அளக்க வந்தவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

குனிந்து ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னத்த ஊத்துன?"

சொன்னேன். நீங்கள் கண்டுபிடித்துச் சொன்னதையும் சொன்னேன். தாளை எடுத்து வந்து முழுவதும் வாசித்தேன். உங்கள் தவறு என்று எழுதியிருந்த இடத்தில் என்னை நிறுத்தச் சொல்லி, மறுபடி வாசிக்கச் சொன்னார்.

"இப்பக் கேளுங்க அத்தா, வேணாமுன்னு சொல்லிருங்க" என்றேன்.

"வாக்குக் குடுத்தாச்சும்மா" என்றார். போய் எல்லையைக் காட்டினார். கிணற்றுப்பக்கத்து மூலையில் தன் கையாலேயே முளையை அடித்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கொட்டான்களை எல்லாம் மிதித்துப் போட்டிருப்பேன். உப்பு மண்ணில் செடி இல்லாமல் இருந்தோம். இப்போது செடி இருக்கிறது, மண் இல்லை. ஒரு மாதம். ஒரு மாதம் முன்னால் நீங்கள் அந்த டப்பாவில் அளந்திருந்தால்! இதை எழுதக்கூடாது என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை. எழுதிவிட்டேன்.

மறுநாள் கருத்தம்மாள் வந்தாள். தாளைக் கேட்டு வாங்கினாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. உங்கள் கையெழுத்து எது என்று கேட்டாள், காட்டினேன். "தப்புன்னு எழுதி அதுக்குங் கீழ பேரப் போட்டுருக்காரே" என்றாள். பிறகு கொட்டான்களைப் பார்த்துக்கொண்டு, தன் தோட்டத்தில் இடம் சும்மாதான் கிடக்கிறது என்றாள். அன்றைக்கே இரண்டு பேருமாகச் சுமந்து அவள் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டோம். பிழைத்தால் ஆளுக்குப் பாதி. அடுத்த வருஷம் அதிலிருந்தே குச்சி வெட்டலாம் என்கிறாள். கொட்டானை இறக்கும்போது மண்ணைத் தன் கையால் அமுக்கி, குச்சியை நிமிர்த்தி வைக்கிறாள்.

இப்போது புதுத் தொல்லை. மழை பிடித்துவிட்டது. ஓலைக் கொட்டான் வழியாகத் தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி வடிகிறது. நாம் ஊற்றியதெல்லாம் அதோடு போகிறது என்று நினைக்கிறேன். மறுபடி அடியிலை வெளுக்கிற மாதிரி இருக்கிறது. மழைக்காலத்தில் எவ்வளவு ஊற்ற வேண்டும்? எத்தனை நாளுக்கு ஒருமுறை? கருத்தம்மாள் கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் தாளில் அது இல்லை.

தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள்.

மலிகா


கோயம்புத்தூர்
5-11-65

அன்புள்ள மலிகாவுக்கு,

தெரியாது.

மழையில் அந்த மண் எவ்வளவைப் பிடித்துவைக்கும், எவ்வளவை விட்டுவிடும் என்று நான் படித்த புத்தகத்தில் இல்லை. நானும் செய்து பார்த்ததில்லை. இங்கே ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு சொன்னால் மறுபடி ஒரு சீட்டுத்தான் ஆகும்.

விடுப்பு இந்த முறையும் தரமாட்டார்கள். கேட்கவில்லை. எழுதி மேஜையில் வைத்துவிட்டு நாளைக்கு வண்டி ஏறுகிறேன். டப்பாவும் வடிதாளும் சோதனைக்குக் கொஞ்சம் மருந்தும் என் சொந்தக் காசில் வாங்கி வைத்திருக்கிறேன். எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது. திரும்பி வந்தால் இந்த வேலை இருக்குமா என்றும் தெரியாது. மாமா என்னோடு பேசுவாரா என்பதை நான் கேட்கப்போவதில்லை. கருத்தம்மாள் என்னிடம் கேட்க வேண்டியதை நேரிலேயே கேட்கட்டும்.

இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்தால், அதுவரை எதையும் ஊற்ற வேண்டாம். கொட்டான்கள் மேல் ஓலையைப் போட்டு மழையை மட்டும் மறைத்து வையுங்கள்.

கபீர்